முனியாண்டிக்கு வெட்டும் கிடாவும் புதன்கிழமைக் கோழியும்

லயம் 17 (ஞாயிறு, இரவு 9.40)

இன்றைய கூட்டத்துக்கு வராதவர்களுக்காக எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் ஆடித் திருவிழாச் செலவைப் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் பகுதியினர் எழுந்து ஒரு கோரிக்கை வைத்தார்கள். இந்த வருடம் முனியாண்டிக்குக் கிடா வேண்டாம், அன்னதானமும் முழுச் சைவமாக இருக்கட்டும் என்பது கோரிக்கை. உயிர்க்கொலை பாவம், இறைச்சியால் பூமி சூடாகிறது என்று இரண்டு காரணம் சொன்னார்கள். அவ்வளவுதான், மண்டபம் இரண்டாகிவிட்டது. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போயே போய்விட்டார். தேநீர் குடித்துக் கலைந்ததுதான் மிச்சம். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம். இங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டால் அங்கே நாற்காலி பறக்காது.

நான் பன்னிரண்டு வருடமாகக் கோழி, ஆடு, மீன் எதையும் தொடுவதில்லை. அதனால் இளைஞர் பக்கம் என்று என்னைச் சேர்த்துவிட வேண்டாம், எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஏன் நிறுத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தோட்டத்தில் வேலை குறைந்திருந்த சமயம் ஒன்றரை வருடம் கோழி பிடிக்கிற வேலைக்குப் போனேன். பகலில் பிடித்தால் கோழி மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ராத்திரியில்தான் பிடிப்பார்கள். கொட்டகையில் நீல பல்பு ஒன்றிரண்டு மட்டும் எரியும், அந்த வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. குனிந்து, காலைப் பிடித்து, ஒரு கைக்கு நான்கு ஐந்தாகத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டில் திணிக்க வேண்டும். முதல் வாரம் எண்ணிக்கொண்டே பிடித்தேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். எச்சத்து நெடி கண்ணைக் கரிக்கும். அவசரத்தில் இழுக்கும்போது சில சமயம் கையில் 'பட்'டென்று ஒன்று தெரியும். கால் எலும்பு. நின்று பார்க்க நேரம் இருக்காது, லோரிக்காரர் ஹாரன் அடிப்பார். விடியற்காலை வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்ப் பொரித்த கோழியோடு நாசி லெமாக் சாப்பிடுவோம். நானும்தான் சாப்பிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் ஒரு கோழி கூண்டிலிருந்து நழுவி லோரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மகளுக்கு விளையாட்டுக் காட்டலாமே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் 'வெள்ளச்சி' என்று பெயர் வைத்து, சோறும் கீரையும் போட்டு வளர்த்தாள். அந்த ஜாதிக் கோழியை ஐந்தாறு வாரத்தில் வெட்டிவிடுவார்கள். அதற்குமேல் வாழ்கிற உடம்பாக அதை உருவாக்கவே இல்லை. மூன்றாவது மாதம் நெஞ்சுச் சதை முன்னால் தள்ள, கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நான்கு அடி. அதைத் தாண்ட இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கும். ஒரு மத்தியானம் அப்படி உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. நாயும் கடிக்கவில்லை, நோயும் வரவில்லை. மகள் என்னைப் பார்த்து, "அப்பா, இத யாரு இப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் காரணம்.

செம்பனை ராஜா (ஞாயிறு, இரவு 10.05)

அண்ணே, கதை நல்லா இருக்கு. ஆனால் கீரைக்கு உயிர் இல்லையா? வெண்டைக்காயை நறுக்கும்போது அது கத்தாததால் பாவம் இல்லையா? முனியாண்டி கேட்கிறது கிடா, சுருட்டு, ஒரு போத்தல். சாம்பாரை வைத்தால் சாமி ஊரை விட்டே போய்விடும்.

பசார் மாலாம் (ஞாயிறு, இரவு 10.11)

போத்தலைப் பற்றி யாருமே பேச மாட்டேங்கிறீங்களே. அது சைவம்தானே? 😄

கித்தாக்காட்டான் (ஞாயிறு, இரவு 11.20)

துண்டை உதறிவிட்டுப் போன ஆள் நான்தான். எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டின குடும்பம். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு, அப்பா போகும்போது பின்னாலேயே வாளி தூக்கிக்கொண்டு ஓடினவன். நாங்கள் கறி சாப்பிட்டது மாதத்தில் ஒரு நாள், சம்பளம் போட்ட மறுநாள். மற்ற நாளெல்லாம் பருப்பு, கருவாடு, மரவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக் கொழுந்து. யாராவது விருந்தாளி வந்தால் ஒரு டின் சார்டின், அதில் ஆறு பேருக்குக் குழம்பு. இன்றைக்குப் பிள்ளைகள் 'சைவம், சைவம்' என்று பேசுகிற கணக்குப்படி பார்த்தால் லயத்து ஜனங்களைவிட, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த எங்களைவிட, பெரிய சைவர்கள் எவரும் இருந்திருக்க முடியாது. யாரும் எங்களுக்கு மாலை போடவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு ஒரு கிடா. அதை வளர்த்தது எங்கள் அம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். வெட்டுகிற அன்றைக்கு அம்மா கொல்லைப்பக்கம் போய் அழுவார். அப்புறம் வந்து மஞ்சள் தண்ணி தெளிப்பார், அது தலையை ஆட்டும்வரை யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். தலை, ஈரல், குடல், இரத்தம் எதுவும் வீண் போகாது. முப்பது வீட்டுக்கும் கூறு போகும்.

எனக்கு ஆத்திரம் வந்தது கிடாவுக்காக அல்ல. பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பார்த்தவன் நான். முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். கும்பாபிஷேகம் நடந்தது, ஐயர் வந்தார். கிடா போனது, சுருட்டு போனது. அப்புறம் அதே கோயிலில் பரம்பரையாகப் பூசை செய்த பூசாரியும் வெளியே நின்றார். "கறி தின்கிறவன் உள்ளே வரக்கூடாது" என்று சொன்ன வாயை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். சைவம் என்று ஒருவன் வாயெடுத்தால் அதற்குப் பின்னால் 'நான் உன்னைவிட உசத்தி' என்று வருகிறதா என்றுதான் முதலில் காது கொடுப்பேன். ஆட்டின்மேல் உள்ள கருணை ஆளின்மேலும் இருக்க வேண்டாமா?

சிப்புட் டீச்சர் (திங்கள், மாலை 4.15)

ஐயா சொன்னதில் கடைசிப் பத்தியை நான் முழுக்க ஏற்கிறேன். சைவத்தைச் சாதி அளவுகோலாக வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு எந்தக் கூட்டும் இல்லை. ஆனால் அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நல்ல வாதத்தை நாம் அவர்களிடமே விட்டுவிட வேண்டுமா?

முதலில் ராஜா தம்பியின் வெண்டைக்காய். செடிக்கு உயிர் உண்டு. ஆனால் வலியை உணர நரம்பும் மூளையும் வேண்டும், வெண்டைச் செடிக்கு இரண்டும் இல்லை. சரி, வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உங்கள் பக்கம் சாயாது. ஒரு கிலோ கோழி எடை ஏற ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் போகிறது, அந்த எடையில் இறகு, எலும்பு, குடல் எல்லாம் சேர்த்தி. தீவனம் என்பது சோளமும் சோயாவும். கோழி சாப்பிடுகிறவர் கோழியையும் கொல்கிறார், அது தின்ற செடிகளையும் சேர்த்துக் கொல்கிறார். செடிமேல் இரக்கம் உள்ளவர் செடியை நேராகச் சாப்பிடுவதுதான் குறைந்த கொலை.

அடுத்தது சூடு. 2018இல் 'சயன்ஸ்' இதழில் பூர், நெமெச்செக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,000 பண்ணைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து உலக விவசாய நிலத்தில் சுமார் 83 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. திருப்பிக் கொடுப்பது கலோரியில் 18 விழுக்காடு, புரதத்தில் 37 விழுக்காடு. ஒருவரிடம் பத்து ஏக்கர் இருந்து, எட்டு ஏக்கருக்கும் மேலே இதற்கே விட்டுவிட்டு, வயிற்றுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் அந்த மேலாளரைத் தோட்டத்தில் வைத்திருப்பார்களா?

100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு கரிவாயு வெளியாகிறது என்றும் அந்த ஆய்வு கணக்குப் போட்டது. இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டுக்குச் சராசரி 50 கிலோ, ஆட்டுக்கு 20, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, தவ்வுக்கு, அதாவது சோயாப் பால் கட்டிக்கு, 2. பருப்பு, பயறு வகை அதைவிடக் குறைவு. மாடும் ஆடும் ஏன் இவ்வளவு மேலே நிற்கின்றன என்றால், அவை அசைபோடுகிறவை. வயிற்றில் புல் நொதிக்கும்போது மீத்தேன் வருகிறது, பெரும்பாலும் ஏப்பமாக. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

செம்பனை ராஜா (திங்கள், மாலை 4.32)

டீச்சர், அப்போ கோழி மோசமில்லை என்று நீங்களே சொல்லிட்டீங்க! 50 எங்கே, 5.7 எங்கே?

சிப்புட் டீச்சர் (திங்கள், மாலை 4.50)

மாட்டோடு வைத்துப் பார்த்தால் மோசமில்லைதான். மாட்டை நம்மில் முக்கால்வாசிப் பேர் சாப்பிடுவதே இல்லையே, பிறகு அதோடு வைத்துப் பார்த்து நமக்கு என்ன மார்க் கிடைக்கப் போகிறது? நீங்கள் கோழியைத் தவ்வோடு வைத்துப் பாருங்கள்.

பத்துச் சக்கரம் (திங்கள், இரவு 8.30)

டீச்சரிடம் ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. பட்டியலில் பாலைக் காணோமே?

நான் லோரி ஓட்டுகிறவன். பல வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) கொட்டைப் புண்ணாக்கு ஏற்றிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். கொட்டையில் எண்ணெயைப் பிழிந்தபிறகு மிஞ்சுகிற தவிட்டு நிறச் சக்கை அது. மழை பட்டால் கட்டியாகிப் புளித்த வாடை அடிக்கும். தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை என்றால் பின்னால் வருகிற மோட்டார்க்காரன் கண்ணில் தூளாக அடிக்கும், திட்டு வாங்காத நாள் இல்லை. அது எங்கே போகிறது என்று முதல் வருடம் எனக்குத் தெரியாது. கேட்டால் நியூசிலாந்துக்காம். பசுமாட்டுக்குத் தீனி. அந்தப் புண்ணாக்கை அதிகம் வாங்குகிற நாடுகளில் அதுவும் ஒன்று, நம் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் போகிறது.

அந்தப் பசு கறக்கிற பால் பொடியாகித் திரும்ப நம் ஊருக்கே வருகிறது. ஆக, நம் தோட்டத்துச் சக்கை கடல் தாண்டிப் போய்ப் பாலாகித் திரும்பி வந்து கோயில் தேநீரில் கலக்கிறது. வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லி நெய், தயிர், பன்னீர், பாயசம் என்று வெளுத்துக்கட்டுகிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்?

மாட்டுக்காரப் பேத்தி (திங்கள், இரவு 9.55)

பத்துச் சக்கரம் அண்ணா தொட்ட இடத்திலிருந்தே நான் தொடர்கிறேன்.

என் பாட்டி லயத்துக்குப் பின்னால் ஏழு மாடு வைத்திருந்தார். பால் ஊற்றித்தான் அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் படிக்க வைத்தார். பாட்டி முழுச் சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். பெண் கன்று பிறந்தால் மஞ்சள் பூசி, கயிறு புதிதாக வாங்குவார். ஆண் கன்று பிறந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அது ஓர் ஒன்றரை வருடம் மேயும். அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து ஒருவர் வருவார், பாட்டி வாசலுக்கு வராமல் உள்ளேயே இருப்பார், தாத்தா பணத்தை எண்ணி வாங்குவார். அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் ஆண் கன்று எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது.

சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. பசு கன்று போட்டால்தான் பால். போடுகிற கன்றில் பாதி ஆண். பால் குடிக்கிற எல்லா வீட்டுக்கும் அந்த ஆண் கன்று ஒரு கடன்தான். பாட்டி அந்தக் கடனைக் கண்ணால் பார்த்தார், நாம் டின்னில் வாங்குவதால் பார்ப்பதில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடு என்றாலே பூமிக்குக் கேடு என்று பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பாட்டியின் மாடு செம்பனை நிழலில் முளைத்த புல்லைத் தின்றது. அந்தப் புல்லுக்கு இல்லாவிட்டால் மருந்து அடிப்பார்கள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அதை அடித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள், நகம் கறுத்துப் போனதைப் பார்த்திருக்கிறோம். மாட்டை மேயவிட்டால் மருந்துச் செலவு குறையும் என்பது தோட்டத்துறையில் தெரிந்த விஷயம், அதற்காகவே மாடு வளர்க்கிற தோட்டங்கள் உண்டு. எங்கள் தோட்டத்து நிர்வாகம் மாட்டை வெளியேற்று என்று கடிதம் கொடுத்தது. மாட்டை இளஞ்செம்பனைக் குருத்துக்குப் பக்கத்தில் விடுகிறோமாம். பாட்டி விற்றுவிட்டார். மூன்று மாதத்தில் கொட்டகை சாய்ந்தது, அந்த வருடமே பாட்டியும்.

சிப்புட் டீச்சர் (செவ்வாய், காலை 7.05)

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். பத்துச் சக்கரம் கேட்டது நியாயம், நான் பாலை விட்டது தவறு. அதே ஆய்வில் பாலாடைக்கட்டிக்கு 100 கிராம் புரதத்துக்கு 11 கிலோ, கோழிக்கு 5.7தான். கோழியை விட்டுவிட்டு அதே அளவு புரதத்துக்குக் கட்டி கட்டியாகச் சீஸ் தின்றால் பூமிக்கு லாபம் இல்லை, நட்டம். விலங்குக்கும் பெரிய லாபம் இல்லை, பேத்தி எழுதிய ஆண் கன்றே சாட்சி. சோற்றையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது.

பாட்டியின் ஏழு மாட்டைப் பற்றி எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் இந்த ஊரில் இன்று விற்கிற இறைச்சியில் எவ்வளவு பாட்டியின் மாட்டைப் போல வளர்ந்தது?

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில், 256ஆவது குறளில், "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்" என்கிறார். 'நான் கொல்லவில்லையே, கடையில் வாங்குகிறேன்' என்று சொல்கிறவருக்கு இரண்டே வரியில் பதில். மற்றது மாலையில். மணி அடித்துவிடும்.

கித்தாக்காட்டான் (செவ்வாய், காலை 8.40)

டீச்சரம்மா, அந்தக் குறளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 'விலைப்பொருட்டால்' என்கிறார். வள்ளுவர் அங்கே பிடித்தது சந்தையை. எங்கள் அம்மா கிடாவை யாருக்கும் விலைக்கு விற்கவில்லை.

(அடுத்த நாலு குறளுக்குள் வேள்வியையும் ஒரு பிடி பிடிக்கிறார் என்று எனக்கும் தெரியும். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.)

நெகிரிப் பொண்ணு (செவ்வாய், மதியம் 1.10)

நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தவள். பிறந்தது நெகிரி செம்பிலான், புக்கிட் பெலாண்டோக் பக்கம். அந்தப் பெயரைக் கேட்டதுமே சிலருக்கு ஞாபகம் வரும்.

1998 செப்டம்பர் வாக்கில் உங்கள் ஈப்போ பக்கத்தில்தான் நிப்பா நோய் ஆரம்பித்தது. பன்றிப் பண்ணை ஆட்களுக்குக் காய்ச்சல், மயக்கம், வலிப்பு. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஒன்றும் நிற்கவில்லை. இங்கிருந்து பன்றிகளை லோரியில் தெற்கே கொண்டுபோனபோது நோயும் ஏறிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்துக் கம்போங் சுங்கை நிப்பா பெயரையே அந்தக் கிருமிக்கு வைத்துவிட்டார்கள். 265 பேருக்கு வந்தது, 105 பேர் போய்விட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். ராணுவம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெடிச்சத்தம் கேட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது. பன்றிகள் கத்தியது அதைவிட ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் சத்தமே இல்லை. பண்ணைகளில் கூலிக்குப் போன நம் ஆட்களும் இருந்தார்கள், அவர்கள் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

காரணம் என்ன என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். பழந்தின்னி வௌவாலின் கிருமி. பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரம் நட்டிருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழும், பன்றி தின்னும். ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைத்து வைத்திருந்ததால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிவிட்டது. நாலு பன்றி வளர்க்கிற வீட்டில் அது அங்கேயே முடிந்திருக்கும்.

சைவம் பாவ புண்ணியத்துக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொன்னேன். நான் சைவம் இல்லை, மீன் சாப்பிடுவேன். பண்ணையில் அடைத்து வளர்ப்பது எதையும் வாங்குவதில்லை. அம்மாவின் வற்புறுத்தல் அது.

பசார் மாலாம் (செவ்வாய், மதியம் 1.48)

இதற்குமேல் நான் ஜோக் அடிக்கவில்லை.

செம்பனை ராஜா (செவ்வாய், இரவு 9.15)

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். கிண்டலை விட்டு ஒழுங்காக எழுதுகிறேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். 2022இல் சோள விலை ஏறிக் கோழி தட்டுப்பாடு வந்ததே, ஜூன் 1ஆம் தேதி சிங்கப்பூருக்குக்கூட ஏற்றுமதியை நிறுத்தினார்களே, அப்போது கிலோ 9 வெள்ளி (ரிங்கிட்) 40 சென் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலைக்கே வீட்டில் மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு கோழி வாங்கினால் இரண்டு வேளை ஓடும். பிள்ளை தட்டைத் தள்ளாது. மழைக் காலத்தில் கேமரன்மலைக் காய்கறி விலையைப் பார்த்திருக்கிறீர்களா? சைவத்துக்கு மாறு என்று சொல்வது எளிது. என் மனைவி காலை ஐந்து மணிக்குப் பேக்டரி பஸ்ஸைப் பிடிக்கிறாள். பயறு ஊறவைக்க நேரம் யார் கொடுப்பார்கள்?

இன்னொன்று. நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். தோட்டத்தில் ஐந்து பத்து ஹெக்டருக்கு ஒன்றாக மரப்பெட்டி மாட்டியிருக்கும், கூகை குடியிருக்க. அது எலி பிடிக்கும், எலிகள் குலையைத் தின்றுவிடும் என்பதற்காக. கூகை போதாத இடத்தில் விஷக்கட்டி வைப்பார்கள். காலையில் போனால் மரத்தடியில் எலிகள் மல்லாந்து கிடக்கும், சில நாள் ஒரு கூகையும். உங்கள் சைவ அப்பளம் பொரிகிற எண்ணெய் அந்த மரத்திலிருந்துதான் வருகிறது. இரத்தமே படாத சோறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சிப்புட் டீச்சர் (செவ்வாய், இரவு 10.02)

எங்கேயும் இல்லை, தம்பி. அது உண்மை. செம்பனையை விட்டுவிட்டுச் சோயா எண்ணெய்க்குப் போனால் இன்னும் மோசம். ஒரு ஹெக்டரில் செம்பனை கொடுக்கிற எண்ணெயில் ஏழில் ஒரு பங்குகூடச் சோயா கொடுக்காது, அவ்வளவு கூடுதல் நிலம் வேண்டும், அங்கேயும் எலி உண்டு. நான் 'சுத்தம்' கேட்கவில்லை, 'குறைவு' கேட்கிறேன். கோழித் தீவனத்துக்கான சோளம் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளைகிறது, அந்த வயல்களிலும் எலி செத்துத்தான் இங்கே வருகிறது. இரண்டு இரத்தம், அல்லது ஒன்று.

பயறு ஊறவைக்கிற நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பேயை ஊறவைக்க வேண்டாம், பசாரில் இன்னும் மலிவுதான். சம்பலில் பொரித்துப் போட்டால் என் வகுப்புப் பையன்கள் சண்டை போட்டுத் தின்கிறார்கள்.

மிஸ்ஸி அக்கா (புதன், காலை 6.20)

இரவு டூட்டி முடிந்தது. எல்லோரும் பூமியையும் ஆட்டையும் பேசுகிறீர்கள், உடம்பை யாரும் தொடவில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4. கிளினிக்கில் கால் கட்டுப் போட வருகிறவர்களில் பலர் "மிஸ்ஸி, நான் வாரத்துல மூணு நாள் சைவம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பெரட்டல், அப்பளம், பாயசம். இது சைவமா, சர்க்கரையா? முழுச் சைவத்துக்குப் போகிறவர்கள் பி12 சத்தைக் கவனிக்க வேண்டும், அது செடியில் கிடையாது. பாலும் முட்டையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சீனர் சைவக் கடையில் விற்கிற சைவ மட்டன், சைவ மீன் சோயாவும் கோதுமைப் புரதமும்தான், வாரம் ஒரு நாள் பரவாயில்லை. ஆனால் உப்பைப் பாருங்கள். சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் இருக்கும், அட்டையைப் படித்து வாங்குங்கள்.

விருந்து என்னவாக இருந்தாலும் சரி, பாயசத்தில் சீனியைப் பாதியாக்குங்கள். அவ்வளவுதான் என் ஓட்டு.

லயம் 17 (புதன், இரவு 8.45)

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், திட்டலாம்.

ஐயாவின் அம்மா வளர்த்த கிடாவையும் நான் காலைப் பிடித்துத் தூக்கிய கோழிகளையும் ஒரே தராசில் வைத்து எனக்குப் பேச வரவில்லை. கிடாவுக்குப் பெயர் இருந்தது, அழ ஒரு ஆள் இருந்தார், வருடத்துக்கு ஒன்றே ஒன்று. அதையும் கொல்லாமல் விட்டால் எனக்குச் சந்தோஷம்தான், அது என் மனசு. ஆனால் இளைஞர்கள் முனியாண்டியின் ஒரு கிடாவை நிறுத்திவிட்டு, 'இனி நம் கோயில் உயிர்க்கொலை இல்லாத கோயில்' என்று போர்டு மாட்டிவிட்டு, புதன்கிழமை இரவுச் சந்தையில், அதாவது பசார் மாலாமில், பொரித்த கோழிக்கு வரிசையில் நின்றால், அந்த வரிசையில் இருக்கிற கோழிகளுக்கு என்ன மாறியது? ஒன்றும் இல்லை. கூட்டத்தில் அந்தக் கோரிக்கையை வைத்த தம்பியை இப்போது, இதோ, அந்த வரிசையில்தான் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். அவரே படித்துக்கொண்டிருப்பார்.

போன வருடச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். திருவிழாவில் கிடா ஒன்று. அன்னதானத்துக்குக் கோழி 140. யாருமே அந்த 140ஐப் பற்றிக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. ஒன்றுக்காகத்தான் மண்டபம் இரண்டானது.

அதனால் ஞாயிறு நான் வைக்கப்போகிற கோரிக்கை தலைகீழானது. கிடா விஷயத்தைப் பூசாரி குடும்பமும் ஐயாவைப் போன்ற பெரியவர்களும் முடிவு செய்யட்டும், நாங்கள் தலையிட வேண்டாம். கோழி 140ஐ எடுத்துவிடுவோம். பலாக்காய்ப் பெரட்டல், தெம்பே சம்பல், கடலைக் குழம்பு, கத்தரிக்காய் மொச்சை. மோர் எல்லாருக்கும் உண்டு. பத்துச் சக்கரம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கித்தாக்காட்டான் (புதன், இரவு 9.30)

140ஆ? எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நான் பார்த்த காலத்தில் அன்னதானத்துக்குக் கோழியே கிடையாது. பருப்பும் கருவாட்டுக் குழம்பும்தான்.

கிடா இருக்கட்டும். என் காலம்வரை இருக்கட்டும். என் பேத்தி பூசைக்கு நின்றால் அவள் பாடு, அவள் முனியாண்டி பாடு. கோழியை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பலாக்காயை யார் உரிப்பது? பிசின் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. போன தடவை இளைஞர் பகுதி ஐந்து காயை உரித்துவிட்டுக் கையைக் காட்டிக்கொண்டு ஓடிப்போனார்கள்.

மாட்டுக்காரப் பேத்தி (புதன், இரவு 9.41)

கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவினால் ஒட்டாது, தாத்தா. நான் வருகிறேன். எத்தனை காய்?

செம்பனை ராஜா (புதன், இரவு 9.58)

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இரண்டு மரம் இருக்கு, பிஞ்சாகவே பதினைந்து தேறும். சனிக்கிழமை மத்தியானம் அறுத்துக்கொண்டு வருகிறேன். பத்துச் சக்கரம் அண்ணே, லோரி வேண்டாம், வேன் போதும்.

தெம்பே சம்பலை மட்டும் டீச்சர் செய்யட்டும். என் பிள்ளைகள் தின்கிறார்களா என்று நான் பார்க்க வேண்டும்.